நஷ்டஈடு பிச்சையல்ல!

தேவராவிலிருந்து வாத்துருத்தி, தோப்பும்படி, மட்டாஞ்சேரி வரை, பொழுது விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு சாலையில் இறங்குகிறவர்கள் நம்மவர்கள். கன்டெய்னர் லாரியும் டிப்பரும் பாய்ந்து வரும் அதே சாலையில்தான் கொத்தனாரும் சித்தாளும் சலவைத் தொழிலாளியும் நடந்தும், சைக்கிளிலும், இரவல் மோட்டார் சைக்கிளிலும் பிழைப்புக்குப் போகிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். இது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அந்தக் காயமடைந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர் சட்டப்படி உரிய நஷ்டஈட்டைப் பெற்றார்கள் என்பதுதான் நமது கேள்வி.

பெரும்பாலும் நடப்பது என்ன? வண்டிக்காரன் ஆஸ்பத்திரி வாசலில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, "கேஸ் வேண்டாம் அண்ணாச்சி" என்கிறான். "தவறி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்" என்று யாரோ புத்தி சொல்கிறார்கள். மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கப்படுகிறது. மாவுக்கட்டோடு இரவு பஸ் ஏறி ஊர் போய்ச் சேருகிறார் தொழிலாளி. மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. கால் கூடவில்லை, இனி சாரம் ஏற முடியாது என்று தெரியும்போது மாதங்கள் ஓடிவிட்டன. கையில் போலீஸ் பதிவும் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை.

தோழர்களே, நஷ்டஈடு யாரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல. விபத்து நடந்திராவிட்டால் நாம் உழைத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி அது. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே அந்தக் கூலியைக் கொடுக்கத்தான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 35 வயதுத் தொழிலாளி ஒருவர், இன்னொருவர் ஓட்டிய வண்டி மோதியதால் உழைக்கும் திறனில் 40 சதம் இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. அவர் வயதுக்கு 16ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வகுத்த அட்டவணை. 40 சதத்துக்கு 11,52,000 ரூபாய் வருகிறது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ள கூலிக்காரருக்கு வருங்காலக் கூலி உயர்வுக்காக இன்னும் 40 சதம் கூட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதையும் சேர்த்தால் 16,12,800. வைத்தியச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, பட்ட வேதனை ஆகியவை இதற்கு மேல் தனி. இதைத்தான் பத்தாயிரத்துக்கு விற்றுவிட்டு வருகிறோம்!

"என்னிடம் சம்பளச் சீட்டு ஏது?" என்று கேட்பீர்கள். பெங்களூரில் 2004இல் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளி, மாதம் 4,500 சம்பாதித்தேன் என்றார். தீர்ப்பாயம் 3,000 என்று குறைத்தது. சான்று காட்ட முடியாதவர் என்பதற்காக அவரது நியாயமான சொல்லைத் தள்ளக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் 4,500 ரூபாயையே ஏற்றது. கர்நாடகத்தில் 2008இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வருமானத்தை 3,500 என்று தீர்ப்பாயம் கணக்கிட்டிருந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை 6,500 ஆக்கி, உழைப்புத் திறன் இழப்பு 85 சதம் என்றது. ஊனம் எத்தனை சதம் என்று டாக்டர் எழுதுவது வேறு; அந்த ஊனத்தால் இந்தத் தொழிலாளி எவ்வளவு சம்பாத்தியம் இழந்தார் என்பது வேறு என்று 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு விளக்கியது. ஒரு கை போனால் குமாஸ்தாவின் வேலை நிலைக்கலாம்; தச்சரின் வேலை நிலைக்குமா? ஆகவே, நாம் செய்யும் தொழில் என்ன, அதற்கு எந்த உறுப்பு வேண்டும் என்பதை வக்கீலிடமும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"நாம் வெளியூர்க்காரர், வழக்கை எங்கே போடுவது?" என்ற மயக்கமும் வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ, நாம் குடியிருக்கும் இடத்திலோ, எதிர்த் தரப்பினர் இருக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில், நம் விருப்பப்படி, மனு கொடுக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு. நைனிடாலில் பிழைக்க வந்த ஒரு தொழிலாளி வேறிடத்தில் நடந்த விபத்துக்கு அங்கே மனுச் செய்தபோது இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்சேபித்தது. புலம்பெயர்ந்த தொழிலாளி வேலை கிடைக்கும் இடத்தில்தான் இருப்பார் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பொங்கலுக்கு ஊர் போகும் வழியில் அடிபட்டாலும் எர்ணாகுளம் தீர்ப்பாயத்தில் நாம் மனுச் செய்யலாம்.

நமக்கு எதிராக நிற்பது காலக்கெடு. நஷ்டஈட்டு மனுவுக்கு முன்பு ஆறு மாதக் கெடு இருந்தது. ஏழைகள் அதனால் ஏமாறுகிறார்கள் என்பதற்காக 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கெடுவையே எடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதே ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. ஆறு மாதம் யாருக்குப் போதும்? உள்ளூரில் வீடும் வக்கீலும் உள்ளவருக்குப் போதும். ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கூலிக்காரருக்குப் போதாது. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், முடிவாகும் வரை காலம் கடந்தது என்ற காரணத்தால் மட்டும் மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கெடு தாண்டியவர்கள் இதைச் சொல்லி உடனே வக்கீலைப் பாருங்கள். ஆனால் புதிதாக அடிபட்டவர் யாரும் இதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. மனுப் போட்ட நாளுக்கு முந்திய காலத்துக்கு வட்டியும் கிடையாது. தாமதமான ஒவ்வொரு மாதமும் நமக்கு நஷ்டமே.

ஆகவே, முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவுடன், எந்த வண்டி, எந்த இடம், எப்படி மோதியது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அங்கே எழுதப்படும் முதல் வாசகம்தான் பிறகு கோர்ட்டில் பேசும். உடன் இருப்பவர் வண்டி நம்பரையும், கண்டவர்களின் பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவர் மீது வழக்கு வராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. போலீசில் வாக்குமூலம் கொடுத்தால், அதைப் படித்துக் காட்டச் சொல்லிப் புரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், ஆம்புலன்ஸ் ரசீது ஒன்றையும் எறியாதீர்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, விபத்தில் அடிபட்டவருக்கு அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை 1,50,000 ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமலே சிகிச்சை உண்டு, கேட்டுப் பெறுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மேஸ்திரி ஏற்றினார் என்பதற்காக டிப்பரிலும் சரக்கு டெம்போவிலும் ஆளோடு ஆளாய் நின்று வேலைக்குப் போகாதீர்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பில்லை என்று கம்பெனி கைவிரிக்கும். 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குத் துணை. ஆட்களைக் கொண்டுபோக முறையான வண்டி கேட்பது நமது உரிமை.

இனி, ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றும் தரகர்கள். "நான் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் இத்தனை சதம்" என்பவரிடம் வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்திடாதீர்கள். கிடைக்கும் தொகையில் வக்கீல் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறைந்த வருமானக்காரர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும். லோக் அதாலத்தில் சமரசம் பேசினால், கணக்குப் போட்ட பிறகே தலையாட்டுங்கள். அங்கே ஒப்புக்கொண்டது முடிந்த முடிவு. அதற்கு மேல் அப்பீல் இல்லை. பாஸ்புத்தகம் நம் பெயரில், நம் கையில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் நஷ்டஈட்டுப் பணத்தைப் பிறர் பிடுங்காதபடி பாங்கில் டெபாசிட்டாக வைக்க வேண்டும் என்று, கேரள அரசு போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1993ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. நோய் பழையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆறு மாதக் கெடுவைப் பாராளுமன்றம் ரத்துச் செய்ய வேண்டும். விபத்து பற்றிய விவர அறிக்கையைப் போலீஸ் 90 நாளில் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதி ஏட்டோடு நில்லாமல் நடக்க வேண்டும். தமிழரின் வாக்குமூலம் தமிழில் பதிவாகவோ, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பதிவாகவோ கேரள அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு லயத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் உடன் போவதற்குப் பொறுப்பேற்கட்டும். பாலங்களும் மாடிக் கட்டிடங்களும் எழுப்பிய கைகள் இவை. அந்தக் கை ஒடிந்தால் அதற்கு உரியதைக் கேட்டு வாங்கும் துணிவும் நமக்கு வேண்டும்.