பில் போடும் கம்ப்யூட்டருக்கும் நாள் குறிப்போம்

நம் கடையிலுள்ள எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வாங்குகிறோம். தொழில் உரிமத்தைக் கெடு முடியுமுன் புதுப்பிக்கிறோம். இவற்றுக்கெல்லாம் நாள் குறித்துத் தரச் சட்டம் இருக்கிறது, கேட்க அதிகாரி இருக்கிறார். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொள்முதல், விற்பனை, பற்று வரவு எல்லாவற்றையும் சுமக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் நாள் குறித்துத் தருவதில்லை. அது நின்றுபோகும் நாளே அதை மாற்றும் நாள் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பது நமது கருத்து.

கம்ப்யூட்டர் நின்றால் என்ன, கையால் பில் எழுதிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கலாம். ஒரு நாள் எழுதலாம். ஆனால் நமது பகுதியின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் சம்பளம் போடும் நாளை ஒட்டித்தான் மளிகைக் கடையில் கூட்டம் சேர்கிறது. அதுவரை கடனுக்கு வாங்கியவர்கள் அப்போதுதான் பாக்கியைத் தீர்க்க வருகிறார்கள். அன்று கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றால் யார் எவ்வளவு பாக்கி என்பதே நமக்குத் தெரியாது. வாடிக்கையாளர் சொல்வதுதான் கணக்கு. மனத்தாங்கல் ஏற்பட்டு நல்ல வாடிக்கையை இழப்பதும் இதனால்தான்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து வரும் கெடு அதைப் பழசாக்கிவிடும். தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 5 சதவீதம் விதிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரிகளுக்கு, பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லில் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்தும், நெய் 12 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதத்துக்கு இறங்கின. ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட நாளன்று காலையில் புது விகிதத்தில் பில் போட வேண்டியிருந்தது. புதிய சாஃப்ட்வேரை ஏற்காத பழைய பெட்டி, ஓடிக்கொண்டிருந்தாலும், அன்று உதவாது.

விண்டோஸ் விஷயமும் அப்படியே. எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2018-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல. இந்தத் தேதிகள் எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை. முன்கூட்டித் தெரிந்த தேதியைத் திடீர்ச் செலவாக்கிக் கொள்வது வியாபாரிக்கு அழகல்ல.

அதற்காக மூன்றாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று விற்பவர்கள் சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மளிகைக்கடை லாபம் இடம் தராது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. பில் போடும் கம்ப்யூட்டருக்கு ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம். யு.பி.எஸ். பேட்டரிக்கு இரண்டு, மூன்று ஆண்டு. நமது வேலூர் வெயிலில் அதற்கு மேல் நம்ப முடியாது. மானிட்டரும் கீபோர்டும் பழுதாகும்வரை ஓடட்டும். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் பெட்டியின் ஃபேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை வாங்கும் நாளிலேயே கம்ப்யூட்டரையும் திறந்து சுத்தம் செய்து, அதன் நிலையைப் பார்த்து வைப்பது நல்லது. இரண்டு கம்ப்யூட்டர் உள்ளவர்கள் இரண்டையும் ஒரே ஆண்டில் மாற்றாமல் முன்பின்னாக மாற்றினால், ஒன்று நின்றாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

எந்த மாதத்தில் மாற்றுவது? தீபாவளி, பொங்கல் நேரத்தில் கூடாது. ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருவதால், அது எப்போது வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நேரம். ஆகவே நமக்குச் சரிப்படுவது ஆடி மாதம். வியாபாரம் சற்று மந்தம், தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் எழுதலாம். ஆனால் வாங்கிய நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதியே கிடைக்கும். ஆடியில் வாங்கினால் முழுதும் கிடைக்கும், மார்ச்சில் வாங்கினால் பாதிதான். உத்தேச வருமான முறையில் வரி கட்டுவோருக்கு இந்தச் சலுகை தனியாக இல்லை. ஜி.எஸ்.டி.யில் சாதாரணப் பதிவு உள்ளவர்கள் கம்ப்யூட்டருக்குக் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் முறையில் உள்ளவர்கள் எடுக்க முடியாது. புதுப் பெட்டியில் பில் எண் பழையதன் தொடர்ச்சியாகவே வர வேண்டும். ஒரே நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது.

பணத்துக்கு என்ன செய்வது? எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750 ரூபாய், நாளொன்றுக்கு 25 ரூபாய். சீட்டுக் கட்டிப் பழகிய நமக்கு இது பெரிய பாரமல்ல. பெட்டி வாங்கிய அன்றே அதன்மேல் வாங்கிய தேதியையும் மாற்ற வேண்டிய தேதியையும் எழுதி ஒட்டிவிட்டு, அந்தத் தொகையைத் தனியே சேர்த்து வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அதாவது கணக்கின் ஆயுள் கம்ப்யூட்டரின் ஆயுளைவிட நீண்டது. பெட்டி ஐந்தாண்டில் போய்விடும்; அதில் எழுதிய கணக்கு அதன் பிறகும் வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கணக்கின் ஒரு நகல் கடையிலும் மற்றொரு நகல் வீட்டிலும் இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரை மாற்றும்போது, கணக்கு புதியதில் சரியாகத் திறக்கிறதா, பாக்கித் தொகைகள் பைசா சுத்தமாக ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும். ஒரு வாரமாவது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுவது நல்லது. பழைய பெட்டியை எடைக்குப் போடுமுன் அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் பாக்கியும் காயலான் கடைக்குப் போகக்கூடாது.

இதில் சங்கமும் செய்ய வேண்டியது உண்டு. ஆடி மாதத்தில் மாற்ற இருப்போரின் பட்டியலை முன்கூட்டியே சேர்த்து, மொத்தமாக விலை பேசினால் உறுப்பினர்களுக்கு ஆதாயம். அவசரத்துக்கு இரவல் கொடுக்க ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பில் பிரிண்டரையும் சங்க அலுவலகத்தில் தயாராக வைத்திருந்தால், சம்பள நாளில் எந்த உறுப்பினரின் கடையும் கணக்கில்லாமல் நிற்காது. வரும் பொதுக்குழுவில் இதை விவாதித்து முடிவெடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களும் அதற்குமுன் தங்கள் கடைக் கம்ப்யூட்டர் எந்த ஆண்டு வாங்கியது என்பதைப் பழைய பில்லை எடுத்துப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வார்களாக.