பயிற்சியில் விழுந்தவர்கள்

தேசியப் பாதுகாப்பு அகாதெமியிலும் பிற ராணுவ அகாதெமிகளிலும் பயிற்சியின்போது ஊனமுற்று, 1985 முதல் வெளியேற்றப்பட்ட இளைஞர்கள் ஏறத்தாழ 500 பேர். சிலர் கை, கால் செயலிழந்து பெற்றோரின் பராமரிப்பில் இருக்கின்றனர். பயிற்சியில் ஊனமுறும் சிப்பாய்க்கு முன்னாள் படைவீரர் தகுதி உண்டு. அதிகாரிப் பயிற்சியில் இருந்தவர்களுக்கோ 2025-லும் அது மறுக்கப்பட்டே இருந்தது. தோளில் நட்சத்திரம் ஏறுமுன் விழுந்தவர், ராணுவத்தின் கணக்கில் ராணுவத்தினரே அல்லர்!

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. அந்த மாதம் முடிவதற்குள், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க மத்திய அரசு முடிவெடுத்தது. வரவேற்கத்தக்கதே. நாற்பதாண்டுகளாக நடவாத காரியம் சில நாள்களில் நடந்ததெனில், தடையாக இருந்தது நிதிப் பற்றாக்குறை அன்று என்பது தெளிவு.

சிகிச்சைக்குப் பிறகு பிழைப்புக்கு வழி? ஊனத்தின் அளவைப் பொறுத்து மாதம் ரூ.40,000 வரை தரப்பட்ட 'கருணைத் தொகை', முழுநேர உதவியாளர் தேவைப்படுவோருக்குப் போதாது. தொகையை உயர்த்தவும், உடல் தேறியோருக்குப் படைத்துறையிலேயே அலுவலகப் பணி அளிக்கவும் பரிசீலிக்குமாறு நீதிமன்றம் கூறியது நியாயமானது. கடும் தேர்வில் வென்று வந்தவர்களுக்கு அலுவலகப் பணி கைவராதா? முன்னாள் படைவீரர் தகுதி இருந்தால் அரசு வேலைகளில் உள்ள ஒதுக்கீட்டுக்கும் அவர்கள் உரிமை கோரலாம். அதற்கு விதியைத் திருத்த, பாதுகாப்பு அமைச்சகம் நீதிமன்ற ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.