மீன்தொட்டிக்கும் ஒரு கலிங்கு வேண்டும்

வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவோரிடையே அக்வாபோனிக்ஸ் என்ற சொல் இப்போது பரவலாகப் புழங்குகிறது. ஒரு தொட்டியில் மீன், அருகே மண்ணில்லாத ஜல்லிப் பாத்தியில் செடி, இரண்டுக்கும் இடையே சுற்றிவரும் நீர். மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. செடி உறிஞ்சியதுபோக எஞ்சிய தெளிந்த நீர் மீண்டும் மீனிடம் வருகிறது. ‘ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், பிறகு தானே நடக்கும்’ என்று சொல்பவர்களும் உண்டு. நெல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வீட்டின் புறவாசலில் இதை அமைத்துக் கெடுத்து, மறுபடியும் அமைத்தவர்கள் நாங்கள். (நாங்கள் என்றது வீட்டாரையும் சேர்த்துத்தான்.) அந்தப் பட்டறிவிலிருந்து எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வேலையில் இறங்குவோர் மீனைப் பற்றியும் செடியைப் பற்றியும் யோசிக்குமுன் வடிகாலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதன் அடிப்படை எளியது. மீன் வெளிவிடும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. ஜல்லியின் மேற்பரப்பில் குடியேறும் நுண்ணுயிர்களில் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி உண்கிறது. இந்த நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். 1980களில் வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசியும், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரியும் செய்த ஆய்வுகள் இன்றைய அமைப்புகளுக்கு முன்னோடிகள். 2014இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் சிறிய அளவிலான அக்வாபோனிக்ஸுக்கென்றே தன் 589ஆம் தொழில்நுட்ப ஏட்டை வெளியிட்டது. ஆகப் படிப்பதற்குக் குறைவில்லை. நாங்களும் படித்தோம். படித்தவர்களுக்கு வந்துவிடும் குறை ஒன்று எங்களுக்கும் வந்தது.

எங்கள் முதல் அமைப்பு இதுதான். மீனுக்கு 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. 200 லிட்டர் நீலப் பீப்பாய்கள் இரண்டை நெடுக்கில் அறுத்து நான்கு பாத்திகள். ஒவ்வொன்றிலும் ஓரடிக்குச் சற்றுக் குறைவாக, கழுவிய முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி. மோட்டார் மீன்தொட்டிக்குள்ளேயே கிடக்கும். அது நீரைப் பாத்திகளுக்கு ஏற்றும். பாத்தியின் அடியிலிருந்து ஓர் அங்குலக் குழாய் வழியே நீர் தொட்டிக்குத் திரும்பும். குழாய் இணைக்க வந்த பிளம்பர் அண்ணாச்சி எங்கள் வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சார், தண்ணி வார வழிய எல்லாரும் கேக்காவ. போற வழிய யாரும் கேக்க மாட்டேங்காவ. இது அடச்சிக்கிட்டா தண்ணி எங்க போவும்?”

ஒவ்வொரு பாத்திக்கும் மேல்மட்டத்தில் இன்னொரு போக்கு வைத்துவிடலாம் என்றார். ஜல்லிக்கு முன்னால் வலை கட்டியிருக்கிறோம், அடைக்காது என்றோம். “நீங்க படிச்சவிய, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, நாங்கள் கேட்டபடியே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்ட கூடுதல் பொருள் நான்கு டீ, நான்கு எல்போ, பத்தடிக் குழாய். அவ்வளவே.

மூன்று மாதம் கழித்து ஒரு சித்திரை மாத இரவில் தக்காளியின் வேர் வலையைத் துளைத்து வடிகுழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. பாத்தி நிறைந்து விளிம்பில் வழிந்தது. மோட்டார் தன் வேலையை நிறுத்தவில்லை. தொட்டி நீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. ஏற்றியதெல்லாம் தரையில் போயிற்று. விடியற்காலையில் தொட்டியில் நான்கு விரற்கடை நீர்தான் இருந்தது. உள்ளங்கை நீளம் வளர்ந்திருந்த 24 ரோகு மீன்களில் 19 செத்துக் கிடந்தன. பள்ளிக்குப் புறப்படுமுன் தினமும் தீனி போட்டுவந்த மகள் அன்று எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மோட்டார் ஓடியது, மின்சாரம் இருந்தது, தக்காளியும் செழிப்பாகவே நின்றது. தவறு வரைபடத்தில் இருந்தது. வரைந்தவர்கள் நாங்கள்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். மடை, மதகு, தூம்பு, கலிங்கு ஆகிய சொற்களுக்கு எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறோம். கலிங்கு என்பது குளம் நிறைமட்டத்தைத் தாண்டும்போது மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்கென விட்ட வழி. எங்கள் பக்கத்தில் ஒரு குளத்தின் கலிங்கு வழிந்தால்தான் அடுத்த குளத்துக்கு நீர். கலிங்கில்லாத குளம் ஒரு பெருமழைக்குத் தாங்காது. இதைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறோம். பிளம்பர் அண்ணாச்சி வைக்கச் சொன்னது கலிங்குதான் என்பது மட்டும் எங்களுக்குப் புரியவில்லை. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, பொருளைச் சொன்னார். சொல்லை வைத்திருந்த நாங்கள் பொருளைத் தவறவிட்டோம்.

இரண்டாம் முறை அவரை அழைத்து, அவர் சொல்லச் சொல்ல வரைந்தோம். இம்முறை மீன்தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே. அதிலிருந்து நீர் தானாக வழிந்து பாத்திகளுக்கு இறங்குகிறது. பாத்திகளிலிருந்து, பாதி புதைத்த 200 லிட்டர் பீப்பாய்க்கு வடிகிறது. மோட்டார் இருப்பது இந்தக் கீழ்த்தொட்டியில். எங்கே ஒழுகினாலும், எது அடைத்தாலும், இழப்பது கீழ்த்தொட்டி நீரை மட்டுமே. மீனின் நீர்மட்டம் குறையாது.

மீன்தொட்டியின் வழிகுழாய் இரண்டு அங்குலம். அதன் வாய் தொட்டியின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. அதனால் அடியில் தங்கும் கழிவையும் நீரோடு மேலே இழுத்துச் செல்கிறது. குழாய் நீர்மட்டம் வரை ஏறி, அங்கே ஒரு டீயின் வழியாகச் சுவரைத் தாண்டுகிறது. அந்த டீயின் மேல்வாயை மூடக்கூடாது. மூடினால் குழாய் முழுதும் நீர் நிறைந்து, உறிஞ்சுகுழாயாக மாறி, தொட்டியை அடிவரை காலி செய்துவிடும். முதல் விபத்தே வேறு வழியில் திரும்ப வரும். திறந்த வாய் வழியே காற்றுப் புகுவதால் நிறைமட்டத்துக்கு மேலுள்ள நீர் மட்டுமே வெளியேறும்.

பாத்திக்குள் வடிவதற்குப் பலரும் மணிச் சைஃபன் வைக்கிறார்கள். நீர் நிறைந்ததும் தானே உறிஞ்சிக் காலி செய்யும் அழகான கருவிதான் அது. ஆனால் வரும் நீர் குறைந்தால் அது உறிஞ்சத் தொடங்காது, மிகுந்தால் நிறுத்தாது. முதன்முறை கட்டுவோருக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒரு நேர்குழாய். அதன் மேல்வாய் ஜல்லிக்கு இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அடியில் ஒரு சிறு துளை இருக்கட்டும். மோட்டார் கால்மணி ஓடி முக்கால்மணி ஓயும்படி டைமர் வைத்தால், ஓடும்போது பாத்தி நிறையும், ஓயும்போது துளை வழியே வடியும். துளை மடை, மேல்வாய் கலிங்கு. மடை அடைத்தாலும் கலிங்கு காக்கும். அந்தக் குழாயைச் சுற்றித் துளையிட்ட பெரிய குழாய் ஒன்றை உறையாகச் செருகிவிட்டால், வேர் வந்தாலும் கையை விட்டுப் பிடுங்கி எறியலாம்.

மின்சாரம் நின்றால் நான்கு பாத்தி நீரும் கீழ்த்தொட்டிக்கு வந்துசேரும். ஜல்லிகளுக்கு இடையே காலியிடம் ஏறத்தாழ 40 விழுக்காடு. எங்கள் கணக்கில் அந்த நீர் 125 லிட்டர். கீழ்த்தொட்டியில் எப்போதும் அதற்கு இடமிருக்க வேண்டும். அதற்கும் மேல்விளிம்பில் ஒரு போக்கு வைத்தோம். ஐப்பசி மழையில் மிகுவது வாழைக்குப் போகிறது.

அண்ணாச்சி அறியாததும் சில உண்டு. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பித்தளை வால்வும் துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயும் வீட்டுக்கு நல்லவை என்று கருதியிருந்தார். செம்பும் துத்தநாகமும் நீரில் கரைந்தால் மீனுக்கு ஆகா. எல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். எல்லா மூட்டுக்கும் பசை போடும் வழக்கத்தையும் மாற்றச் சொன்னோம். தொட்டிக்குள்ளேயும் பாத்திக்குள்ளேயும் வரும் மூட்டுகளைச் செருகி வைத்தால் போதும். சற்று ஒழுகினாலும் நீர் உள்ளேயே இருக்கும், கழற்றித் தூய்மை செய்யலாம். மோட்டார் வாங்குவோர் அட்டையில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அது உயரம் ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நான்கடி ஏற்றும்போது எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும்.

இது தற்சார்பா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முழுவதும் அன்று. மீன் தீனி கடையிலிருந்து வருகிறது. மோட்டாருக்கும் காற்றுக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். மின்தடைக்கு ஒரு மின்கலமும் வேண்டும். உலகெங்கும் இதற்கு விரும்பப்படும் ஜிலேபி மீனை நம் நாட்டில் வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடையே உண்டு. கெண்டை வகைகளே வீட்டுக்குப் போதும். இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது வாரத்துக்கு நான்கைந்து கட்டுக் கீரை, கொஞ்சம் புதினா, தக்காளி, ஆண்டுக்கொருமுறை சில கிலோ மீன். நீர்ச் செலவு மட்டும் மிகக் குறைவு. ஆவியானதையும் செடி குடித்ததையும் ஈடுசெய்தால் போதும். கோடையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் ஊரில் அது சிறிய ஆதாயமன்று.

எனவே தொடங்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். தாளில் தொட்டியையும் பாத்தியையும் வரையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இது அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும்?’ என்று எழுதி, விடையையும் எழுதுங்கள். விடையில்லாத இடம் ஒன்று இருந்தாலும் மீன் வாங்கப் போகவேண்டாம். அந்தத் தாளை உங்கள் ஊர்ப் பிளம்பரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

எங்கள் தொட்டியில் இப்போது 20 ரோகு மீன்கள் இருக்கின்றன. தீனி போடுவது மகள்தான். போட்டுவிட்டு டீயின் திறந்த வாயில் இலை ஏதும் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போகிறாள்.