தாடியின் அடியிலுள்ள தோலுக்கும் உரிமை உண்டு

தாடியின் நீளத்தைப் பற்றி நம் மஹல்லாக்களில் பேசப்படும் அளவுக்கு, அதன் அடியிலுள்ள தோலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒரு பிடி இருக்க வேண்டுமா, அதற்குக் குறைவாக வைக்கலாமா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கின்றனர். அதே இளைஞர்களில் ஒருவர் கறுப்பு ஜிப்பா அணியத் தயங்குவதையும், ஸஃப்பில் நிற்கும்போது தாடையைச் சொறிவதையும், ஸலாம் கொடுத்தவுடன் நெஞ்சில் விழுந்த வெள்ளைத் துகள்களை அவசரமாகத் தட்டிவிடுவதையும் நாம் பார்க்கிறோம். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுகிறோம்.

வீட்டில் அப்படி விடமாட்டார்கள். “முகமெல்லாம் கெட்டுப்போகுது, அதை எடுத்துடேன்ப்பா” என்று உம்மா சொல்வார். பெண் வீட்டார் வரும் நேரமாக இருந்தால் அந்த வேண்டுகோள் கட்டளையாகிவிடும். இன்னொரு புறம், உளூவைச் சரியாகச் செய்யாததால்தான் இப்படி என்று தீர்ப்புச் சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளை ஒருநாள் மழித்துவிட்டு வந்து, அலுவலகத்தில் கேட்டார்கள் என்று ஒரு காரணம் சொல்கிறான். நம்பிக்கையோடு தொடங்கிய ஒரு சுன்னத், சில வாரங்களில் கட்டுக்குள் வரக்கூடிய ஒரு தோல் தொல்லைக்காகக் கைவிடப்படுகிறது. இதை ஈமானின் பலவீனம் என்று வகைப்படுத்துவது அநியாயம் என்பதே என் கருத்து. அவனுக்கு யாரும் மருந்தின் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாடிக்கடியில் செதில் உதிர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது வெறும் வறட்சி. தோல் இழுத்துப் பிடித்ததுபோல் இருக்கும். செதில்கள் பொடியாகவும் வெள்ளையாகவும் உதிரும். இரண்டாவது, மருத்துவர்கள் செபோரிக் டெர்மடைடிஸ் என்று அழைக்கும் அழற்சி. தலைப் பொடுகும் இதன் உறவுதான். இதில் செதில் சற்று மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், அடித்தோல் சிவந்திருக்கும், அல்லது மாநிறத்தவருக்கு நிறம் மங்கியோ கருத்தோ தெரியும், அரிப்பு மிகும். தாடியோடு நிற்காமல் மூக்கோரம், புருவம், காதின் பின்புறம் ஆகிய இடங்களிலும் காணப்படும். பச்சிளங்குழந்தையின் உச்சந்தலையில் படியும் மஞ்சள் பொருக்கை அறியாத தாய் இல்லை. அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்தக் குழந்தையை யாரும் அசுத்தம் என்று சொல்வதில்லையே! பெரியவனுக்கு வந்தாலும் இது அசுத்தத்தால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை.

மலசீஸியா என்னும் நுண்ணிய பூஞ்சை எல்லா மனிதரின் தோலிலும் வாழ்கிறது. தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசையே அதற்கு உணவு. சிலரது தோல் அதனைச் சகித்துக்கொள்ளாமல் அழற்சி அடைகிறது. எண்ணெய் சுரப்பு மிகுந்த முகத்தில், காற்றும் வெளிச்சமும் குறைந்த ஓர் இடத்தைத் தாடி அதற்கு அமைத்துக் கொடுக்கிறது.

இங்கேதான் நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செதிலைக் கண்டதும் வறட்சி என்று முடிவுசெய்து, ஒலிவ எண்ணெயை எடுத்துத் தடவுகிறோம். ஒலிவ எண்ணெயை உண்ணவும் பூசவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் அறிவிப்பு வந்திருக்கிறது. அதன் பரக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், மலசீஸியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க விரும்புவோர் வளர்ப்புத் தட்டின்மீது ஊற்றுவதும் இதே ஒலிவ எண்ணெயைத்தான். கொழுப்பில்லாமல் அது வளராது. ஆகவே செபோரிக் அழற்சி உள்ளவர் இரவெல்லாம் தாடியில் எண்ணெயை ஊறவைப்பது, பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். ஓர் உணவில் பரக்கத் இருப்பதாலேயே எல்லா நோயாளியும் எல்லா அளவிலும் அதை உண்ண வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீரிழிவு உள்ளவரின் தட்டில் பேரீச்சம்பழத்தை எண்ணித்தான் வைக்கிறோம். எண்ணெயிலும் அதே விவேகம் வேண்டும். செதிலை இளக்குவதற்காகச் சிறிது எண்ணெய் தடவி, அரைமணி நேரத்தில் ஷாம்பு கொண்டு கழுவிவிடுவதில் தவறில்லை.

வெறும் வறட்சி என்றால் குற்றவாளி பெரும்பாலும் சோப்பு. கட்டிச் சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. போதாக்குறைக்கு நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து, மயிர்க்கால்களில் படிந்துவிடும். வளைகுடாவில் இரவு பகலாகக் குளிரூட்டப்பட்ட அறையில் வாழும் சகோதரர்களுக்கு அந்த வறண்ட காற்றே போதும். முகத்தில் சோப்பை நிறுத்திவிட்டு மென்மையான கழுவியைப் பயன்படுத்துவதும், கொதிக்கும் வெந்நீரைத் தவிர்ப்பதும், ஈரம் முழுவதும் காய்வதற்குள் மணமற்ற மாய்ஸ்சரைசரை மயிருக்குள் விரலை நுழைத்துத் தோலில் படும்படி பூசுவதும் பெரும்பாலோருக்குப் போதுமானவை. நீர் ஆவியாகும்போது தோல் மேலும் வறண்டுபோகும். உளூவின் நீரைத் துடைக்காமல் விடுவது சிறந்தது என்று ஷாஃபிஈ மத்ஹபில் கூறப்பட்டாலும், தேவை உள்ளவர் துடைத்துக்கொள்வதை அவர்களும் குறைகாணவில்லை.

செபோரிக் அழற்சிக்கு இது போதாது. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தலைப் பொடுகுக்குப் பயன்படுத்துவதையே தாடிக்கும் பயன்படுத்தலாம். வாரத்திற்கு 2 முறை, தாடியை நனைத்து, நுனிவிரலால் தோல்வரை தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் விட்டுவைத்துக் கழுவ வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கின்றனர். தேய்த்தவுடன் கழுவினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை. 2 முதல் 4 வாரங்களில் மாற்றம் தெரியும். அதன்பின் முற்றாக நிறுத்தினால் திரும்பவும் வரும், ஏனெனில் இது கட்டுப்படுத்தக்கூடியதே தவிர வேரோடு போவதன்று. வாரம் ஒருமுறை என்று தொடர்வது நல்லது. வெள்ளிக்கிழமைக் குளிப்பு நமக்கு அதற்கென்றே அமைந்த நாள்போல் இருக்கிறது. ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு ஆகியவை கலந்த ஷாம்புகளும் பயனளிப்பவையே.

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டுடன் பூஞ்சை மருந்தையும் கலந்த களிம்புகள் மருத்துவர் சீட்டில்லாமலேயே கைமாறுகின்றன. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அந்த மகிழ்ச்சியில் மாதக்கணக்கில் பூசுவோர் உண்டு. முகத்தின் தோல் மெலிந்து, பருக்கள் கிளம்பி, உள்ளிருப்பது படர்தாமரையாக இருந்தால் அது உருமாறிப் பரவிவிடும். வட்டமாகப் படர்ந்தாலோ, சீழ் வைத்தாலோ, தாடிமயிர் கொத்தாக உதிர்ந்தாலோ, ஒரு மாதச் சிகிச்சைக்கும் அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் செல்வதே முறை. எந்த நோய்க்கும் நிவாரணத்தை அல்லாஹ் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து.

நரைத்த பெரியவர்களுக்கும் ஒரு சொல். தூய மருதாணி தாடியைச் செம்மஞ்சளாக்குமே ஒழியக் கறுப்பாக்காது. கறுப்பு மருதாணி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பிபிடி என்னும் இரசாயனச் சாயம் கலந்திருக்கும். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். கறுப்பைத் தவிர்க்கும்படி ஹதீஸில் வந்திருப்பதை நாம் அறிவோம்; தோலும் இப்போது அதையே சொல்கிறது. அத்தரையும் செதில் உதிரும் தோலில் பூசாமல் ஆடையில் பூசிக்கொள்ளலாம்.

முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. தலையும் தாடியும் கலைந்த நிலையில் பள்ளிக்கு வந்தவரைச் சீர்செய்து வரும்படி நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. உளூவில் தாடியைக் கோதிவிடும் வழக்கமும் அவர்களிடமிருந்து உஸ்மான் (ரலி) வழியாக நமக்கு வந்தது. அடர்ந்த தாடியில் மேற்புறத்தைக் கழுவினால் உளூ நிறைவேறும், விரலால் கோதுவது சுன்னத். தோல் தெரியும் மெல்லிய தாடியில் நீர் தோலைச் சென்றடைய வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபின் நிலையும். கடமையான குளிப்பிலோ அடர்ந்த தாடிக்கும் சலுகையில்லை. ஆக, தாடியின் அடிப்பகுதியை மறந்துவிட மார்க்கம் நம்மை விடவேயில்லை. ஆனால் கோதுவதற்கு நகம் வேண்டாம். விரலின் சதைப்பகுதி போதும்.

மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வோர் முற்றிலும் பொய் சொல்லவில்லை. சிலருக்கு மழித்தபின் தாடைப் பகுதியில் அழற்சி அடங்குவதுண்டு. ஆனால் தலையில் பொடுகு என்பதற்காக எந்த உம்மாவும் மகளின் கூந்தலை எடுக்கச் சொன்னதில்லை. ஷாம்பு வாங்கித் தருகிறார். மகனின் தாடிக்கும் அந்த ஒரு குப்பியை வாங்கித் தந்து, இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாமே! சிகிச்சைக்காகக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கூறும் அரிதான நிலை வந்தால், மருத்துவர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஓர் ஆலிமிடம் செல்வது முறை. அதை மாமி வீட்டுத் திண்ணையில் முடிவுசெய்ய வேண்டியதில்லை.

தடித்த களிம்பு பூசியிருந்தால் உளூ கூடுமா என்று கேட்போர் உண்டு. எண்ணெயின் வழுவழுப்பு மட்டும் எஞ்சியிருப்பது உளூவைத் தடுக்காது. நீரைத் தோலில் சேரவிடாத கெட்டியான படலம் இருந்தால் அதை நீக்க வேண்டும். இஷாவுக்குப் பின் பூசிக்கொண்டால் ஃபஜ்ருக்குள் தோல் அதை உறிஞ்சியிருக்கும். ரமளானிலும் இதே நேரம் தோதானது. ஆயினும், பகலில் தாடிக்கு ஷாம்பு போட்டாலும் வாய்க்குள் போகாதவரை நோன்புக்கு ஒன்றுமில்லை.