பாசியும் பல்வண்ண ஒளியும்

அம்பத்தூர் முதல் ஆவடி, பூவிருந்தவல்லி வரை பரந்த நம் மேலைப் புறநகரில் ஏரிக்குக் குறைவில்லை. ஏரி உள்ளவிடத்துப் பாசிக்கும் குறைவில்லை. அதனைக் கரையொதுங்கும் அழுக்கென்று இகழ்வார் பலர். ஆயினும், அந் நுண்ணுயிர்களையே தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை நிலைநாட்டிய எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) நம் மாநகரில் பணிபுரிந்தவரே. அத் துறையில் இந்நாள் எழும் வினாக்களுள் ஒன்று, ஒளியின் நிறத்தை மாற்றினால் பாசியின் புரதம் பெருகுமோ என்பது. வினா நன்று, அதற்கு நாம் விரைந்து கொள்ளும் விடையே நன்றன்று என்பது எமது கருத்து.

நிறத்திற்கு வலிமை உண்டென்பதில் ஐயமில்லை. ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மான் 1882-ல் பாசியிழையொன்றின்மீது வானவில் நிறங்களாகப் பிரித்த ஒளியைச் செலுத்தி, உயிர்வளியை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பும் நீலமும் படும் இடங்களிலே மிகத் திரள்வதைக் கண்டார். பின்வந்தோர் குளோரெல்லா என்னும் பசும்பாசியை ஆராய்ந்து, சிவப்பொளி மாப்பொருளையும் நீலவொளி புரதத்தையும் மிகுவித்தல் கண்டனர். நீலவொளி படுங்கால் பாசியின் சுவாசம் விரைவுறும். சேமித்த மாப்பொருள் சிதையும். அதினின்று பிறந்த கரிப்பொருள் நைட்ரஜனோடு கூடி அமினோ அமிலமாகும். அமினோ அமிலங்கள் கோவையுற்றுப் புரதமாகும்.

இதனைக் கேட்டவுடன், சுருள்பாசித் தொட்டிக்கும் நீலவிளக்கே ஏற்றது என்று துணிதல் பிழையாம். சுருள்பாசியின் முதன்மை நிறமியாகிய பைகோசயனின் 620 நானோமீட்டர் அளவினதாகிய செம்மஞ்சள் ஒளியையே மிகுதியாக ஏற்கும். ஆகவே அது சிவப்பொளியில் விரைந்து வளரும். தனி நீலவொளியில் தளரும். பாசிதோறும் இயல்பு வேறென்க.

மேலும், விழுக்காடு வேறு, விளைவு வேறு. ஒரு தொட்டியில் 10 கிராம் உலர்பாசி விளைந்து, நூற்றுக்கு 60 பங்கு புரதமெனக் கொள்வோம். புரதம் 6 கிராம். நிறத்தை மாற்றியதால் அது நூற்றுக்கு 66 ஆகி, விளைவோ 7 கிராமாகக் குறையின், புரதம் 4.62 கிராமே. விழுக்காட்டை மட்டும் நோக்குவோன் இந் நட்டத்தை இலாபமென்று மயங்குவான்.

இவ்வாராய்ச்சி ஏழைப் பிள்ளைகளின் உணவைப் பற்றியதாதலின் மயக்கம் தகாது. முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த சி. வி. சேஷாத்திரி, புதுக்கோட்டைப் பகுதியில் சுமார் 5,000 சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் 1 கிராம் சுருள்பாசி அளித்த முயற்சியின் பயனை 1993-ல் வெளியிட்டார். வைட்டமின் ஏ குறைவினால் கண்ணில் தோன்றும் குறிகள் பெரிதும் தணிந்தன. ஆனால் அந்த 1 கிராமில் உள்ள புரதம் ஏறக்குறைய 0.6 கிராமே, 30 கிராம் துவரம்பருப்பிலோ 6 கிராமுக்கு மேலுண்டு. எனவே அங்கு நலம் செய்தது புரதமன்று, பீட்டா கரோட்டின் என்பது தெளிவு. விளக்கின் நிறத்தால் புரதத்தைச் சிறிது கூட்டி, அதன் பொருட்டு மின்செலவையும் கூட்டினால், பாசியின் விலை ஏறும். பருப்பும் வாங்கவியலாத இல்லத்திற்கு அப் பாசி எட்டாது. நம் நாட்டு வெயிலோ விலையின்றிக் கிடைப்பது.

அங்ஙனமாயின் நிறவாராய்ச்சி வீணோ? அன்று. அது நம் புறநகர்க் கல்லூரிகளில் நிகழத்தக்கதே. ஆனால் சிவப்புத்தாளும் நீலத்தாளும் போர்த்து இரு குடுவைகளை ஒப்பிடுதல் போதாது. தாள் நிறத்தை மாற்றுவதோடு ஒளியின் அளவையும் குறைத்துவிடும். ஒளியளவைச் சமமாக்கி, வளர்ச்சி, புரதத்தின் பங்கு, செலவு என்னும் மூன்றையும் ஒருங்கே எழுதுவோனே உண்மை உரைப்பவன். ஆய்வுக்குத் தூய வித்துப்பாசியையே கொள்க. கழிவுநீர் கலந்த ஏரிப்பாசியை உணவாக்கத் துணியற்க. அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நஞ்சுடையனவும் உண்டு.

பாசியை ஆராய்வோம், அதன் பயனை அளந்தறிந்தபின் ஊரார்க்கு உரைப்போம்.