உதைபந்தாட்ட வீரர்களும் யாழ்ப்பாணத்தின் மறதியும்

பீலேயின் பெயரை அறியாதார் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எவருமிலர். 1958 இல் சுவீடனிலே பதினேழு வயது இளைஞனாக உலகக் கிண்ணத்தை ஏந்திய அவ்வீரனைப் பற்றியும், 1963 இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தெரிவான சோவியத் பந்துக்காப்பாளர் லெவ் யாஷினைப் பற்றியும், மரடோனாவைப் பற்றியும் எமது இளைஞர் மணிக்கணக்கிற் பேசவல்லர். அதிலே குறைகூற ஏதுமில்லை. ஆயின் அதே இளைஞரிடம் பீற்றர் தங்கராஜ் யார், ஆறுமுகம் யார் என வினவின் மௌனமே விடையாகும். தம் சொந்த ஊரின் அணிக்கு அறுபதுகளிற் பந்துகாத்தவர் யார் என வினவினாலோ, முதியவர் ஒருவரை நோக்கிக் கைகாட்டுவர். நூலொன்றை நோக்கிக் கைகாட்ட அவர்களால் இயலாது.

இதற்குக் கற்றோர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. சர்வதேச மட்டத்தை எட்டாதவர்க்கு வரலாறு எதற்கு என்பதே அது. நியாயம் போலத் தோன்றும் இக்கூற்று ஆராயுமிடத்து வெறும் சோம்பலின் மறுபெயராகவே காணப்படுகின்றது.

சர்வதேச மட்டம் என்பது வானத்திலிருந்து இறங்கிய அளவுகோலன்று. யூசேபியோ பிறந்தது போர்த்துக்கேயரின் ஆட்சிக்குட்பட்டிருந்த மொசாம்பிக்கில். 1966 இல் இங்கிலாந்திலே வட கொரிய அணி மூன்று கோல்கள் முன்னிலையில் நின்றபோது, தனியொருவராக நான்கு கோல்களைப் போட்டு ஆட்டத்தின் போக்கையே மாற்றியவர் அவர். அத்தொடரில் அவர் போட்ட ஒன்பது கோல்களும் போர்த்துக்கலின் கணக்கிலேயே எழுதப்பட்டன. ஆளும் நாட்டின் அணிக்கு அவருடைய கால்கள் தேவைப்பட்டிராவிடின் அவர் பெயரை இன்று யார் அறிவர்? யார் சர்வதேச வீரர் என்பதை ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை. தெரிவுக்குழுவும் அரசும் போக்குவரத்து வீதியுங்கூடத் தீர்மானிக்கின்றன. 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 ஆகஸ்ட் முதல் யுத்தம் முடியும்வரையும் கண்டி வீதி அடைபட்டுக் கிடந்தது. அக்காலத்திலே வளர்ந்த ஆட்டக்காரனை நோக்கி, நீ தேசிய அணியில் ஆடினாயா என்று கேட்பது, காலைக் கட்டிவிட்டு ஓட்டத்தை அளப்பதை ஒக்கும்.

இனி, சர்வதேச மட்டத்தை எட்டிய தமிழரையேனும் நாம் அறிந்துள்ளோமா? தங்கராஜ் ஹைதராபாத்திற் பிறந்து இந்திய இராணுவத்தில் வளர்ந்தவர். 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியிலும், 1960 இல் ரோம் சென்ற அணியிலும் இடம்பெற்றவர். 1962 இல் ஜகார்த்தாவிலே தென் கொரியாவை வென்று ஆசியத் தங்கப் பதக்கம் பெற்ற அணியின் பந்துக்காப்பாளரும் அவரே. ரோம் சென்ற அணியிலே தமிழ்நாட்டவரான சைமன் சுந்தரராஜும் இருந்தார். 1973 இற் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியின் பயிற்றுநர் அவர். மலேசியாவின் ஆர். ஆறுமுகமோ நீண்ட கரங்களினால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்றவர். 1980 இல் மலேசியா தென் கொரியாவை 2-1 என வென்று மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் விவகாரத்தினால் அந்நாட்டு அரசு அவ்விழாவைப் பகிஷ்கரித்தமையால் அத்தலைமுறைக்கு அந்த வாய்ப்புக் கைநழுவியது. 1988 டிசம்பரிலே வீதி விபத்தொன்றில் ஆறுமுகம் மாண்டார். ஆயினும் மலேசியர் அவரை மறந்தாரல்லர். அவ்வணியின் கதையைத் தழுவி 2016 இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்திலே முத்து என்னும் தமிழ்ப் பந்துக்காப்பாளர் ஒரு முதன்மைப் பாத்திரம். மொஸ்கோவுக்குச் செல்லாத அணிக்கு ஒரு திரைப்படம்! சென்றவர்க்கே வரலாறு என்போர் இதனைச் சிந்திப்பாராக.

எழுதாதவிடத்து என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. 1950 ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு இந்தியா செல்லாமைக்கு, வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டமையே காரணம் என்ற கதை இன்றும் வழங்குகின்றது. 1948 இல் இலண்டனிலே இந்தியர் பலர் வெறுங்காலுடன் ஆடியது மெய்யே; பிரான்சிடம் 2-1 என மயிரிழையிலே தோற்றனர். ஆனால் 1950 இல் அணியை அனுப்பாதிருந்தது இந்தியச் சம்மேளனத்தின் முடிவு. ஒலிம்பிக்கையே பெரிதென அது கருதியிருந்தது. நிருவாகிகளின் குறை ஆட்டக்காரரின் வெறுங்காலிற் சுமத்தப்பட்டு, நகைச்சுவைத் துணுக்காக நிலைபெற்றுவிட்டது. பதிவு இல்லாவிடின் பழி எவர்மேல் வீழும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

யாழ்ப்பாணத்துக்கு மீள்வோம். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையில் 1904 இலும், பத்திரிசியார் கல்லூரிக்கும் யாழ்ப்பாணக் கல்லூரிக்குமிடையில் 1917 இலும் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டிகளின் பெறுபேறுகளை இன்றும் வரிசையாக ஒப்புவிப்போர் உளர். குருநகர்ப் பாடுமீன், பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றிஸ் ஆகிய கழகங்களின் பழைய ஆட்டங்களை அவ்வாறு ஒப்புவிக்கத்தக்க நூல் எங்கே? யுத்தத்திலே யாவும் எரிந்தன என்பர். 1981 இல் நூலகமும் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தமை உண்மை; 1995 இல் ஊரே பெயர்ந்தமை உண்மை. ஆனால் துடுப்பாட்டக் கணக்கும் அதே நெருப்பைத்தானே கடந்து வந்தது? கொழும்பிலும் இலண்டனிலும் பழைய மாணவரின் அலுமாரிகளிலே அதற்குப் பிரதிகள் இருந்தன. கடற்றொழிலாளியின் மகனுக்கு அத்தகைய அலுமாரி இருக்கவில்லை. வேறுபாடு நெருப்பில் இல்லை, வர்க்கத்திலும் சாதியிலுமே உள்ளது. உதைபந்தும் மிஷன் பாடசாலைகளினூடாக வந்ததுதானே எனச் சிலர் மறுப்பர். வந்த வழி ஒன்றே. தங்கிய மனைகள் வேறு.

மறுபுறத்தே, பழம்பெருமை பேசுவோரும் இவ்வரலாற்றுக்கு நன்மை செய்தாரல்லர். அடித்த பந்து வலையைக் கிழித்தது, கம்பத்தை முறித்தது என்னும் கதைகள் தேநீர்க்கடைக்குப் போதுமானவை. எந்த ஆண்டு, எந்த மைதானம், எதிரணி எது, பெறுபேறு என்ன என்ற வினாக்கள் எழும்போது அவை கலைந்துவிடுகின்றன. மிகைப்படுத்திய புகழ்ச்சியும் ஒருவகை மறதியே.

சங்ககாலத்து விளையாட்டுகளை ஆராய்வதற்கு மாணவரை ஏவும் பல்கலைக்கழகம், தன் மதிலுக்கு வெளியே சில கல் தொலைவில் வாழும் எண்பது வயது ஆட்டக்காரரிடம் ஒரு மாணவனை அனுப்பியிருத்தல் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. பரிசளிப்பு விழாப் படங்கள், தேவாலயத் திருவிழா மலர்கள், கழகங்களின் கணக்குப் புத்தகங்கள் எனத் தேடத்தக்கவை பல. இவ்வேலைக்கு ஓரூரிலிருந்து தேடினாற் போதாது. மயிலிட்டி மக்கள் 1990 இற் பெயர்ந்தவர்கள்; அவர்தம் துறைமுகம் 2017 இலேயே மீண்டது. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் அவ்வூரின் நினைவுகள் நலன்புரி முகாம்களிலும் ரொரன்ரோவிலும் பாரிசிலும் சிதறிவிட்டன. அதே 1990 இன் ஒக்ரோபரிலே குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிடையேயும் பந்தாடியவர்கள் இருந்தனர். அவர்களது பெயர்களைக் கேட்டறியப் புத்தளம்வரை செல்லவேண்டியிருக்கும்.