பார்வை என்றொரு எண்

கவிஞர்கள் சிலர் இப்போது முப்பது விநாடி வீடியோக்களில் தங்கள் கவிதையைப் படித்துக்காட்டி வாசகர் திரட்டப் புறப்பட்டிருக்கிறார்கள். படித்துக்காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘லட்சம் பேர் பார்த்தார்கள்’ என்று சொல்லிக்கொள்வதில்தான்.

2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. திரும்ப ஓடினால் இன்னொன்று. முன்பு சில விநாடிகளாவது பார்த்திருக்க வேண்டும். இன்று அந்த நிபந்தனையும் இல்லை. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனவனும் ரசிகன். வேடிக்கை என்னவென்றால், விளம்பர வருமானத்தைப் பங்கிடும்போது கம்பெனி இந்த எண்ணை நம்புவதில்லை. பழைய கணக்கை வேறு பெயரில் தனியே வைத்துக்கொண்டு அதன்படிதான் பட்டுவாடா செய்கிறது. வியாபாரிக்கு இருக்கும் விவேகம் நம் கவிஞனுக்கு இல்லை.

விளைவு கவிதையிலேயே தெரிகிறது. முதல் மூன்று விநாடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்பது இத்துறையின் உபதேசம். ஆகவே முதல் வரியே உச்சம். பிறகு வருவதெல்லாம் அதற்கு வக்காலத்து. மௌனத்துக்கு இடமே கிடையாது, விரல் காத்திருக்காது. மேடைக் கவியரங்கம் மறுபடி பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கேயாவது கைதட்டியவன் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தான்.

வாசகர் இல்லை என்ற புலம்பல் பழையது. சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். வாங்கியவன் முகத்தையும் வேண்டாமென்றவன் முகத்தையும் நேரில் பார்த்தார். லட்சம் பார்வை பெற்ற நண்பர்கள், தங்கள் தொகுப்பு எத்தனை பிரதி போயிற்று என்பதையும் அடுத்த வீடியோவில் சொல்லட்டும். முதல் மூன்று விநாடிக்குள் சொல்லிவிடலாம்.